வைட்டமின் டி-யும் உறக்கமும்: வெயில் நகரில் ஒரு பற்றாக்குறை

இந்திய வானிலைத் துறை தனது தலைமையகத்தை 1928ஆம் ஆண்டில் சிம்லாவிலிருந்து புனே நகருக்கு மாற்றியது. சிவாஜிநகர்ப் பகுதியில் உள்ள அந்தக் கட்டடத்தை நகர மக்கள் இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே அழைக்கின்றனர். வட அட்சரேகை பதினெட்டரைப் பாகையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள புனேயில், பருவமழை மேகங்கள் சூழும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள் நீங்கலாக, ஆண்டின் பெரும்பகுதி வெயிலுக்குக் குறைவில்லை. வைட்டமின் டி, சூரிய ஒளியின் துணையால் மனித உடல் தானே தயாரித்துக்கொள்ளும் சத்து. இத்தகைய ஊரில் அது பற்றாக்குறையாக இருக்கக்கூடும் என்று எளிதில் எண்ணத் தோன்றாது. ஆயினும் அந்தப் பற்றாக்குறை அங்கு உள்ளது. எலும்புக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்டு வந்த இச்சத்துக்கும் இரவு உறக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறத் தொடங்கியுள்ளமையால், இப்பொருள் மருத்துவர்களின் எல்லையைத் தாண்டி நிர்வாகத் துறையினரின் கவனத்துக்கும் உரியதாகிறது.

புனேயின் ஹீராபாய் கோவாஸ்ஜி ஜஹாங்கீர் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், குழந்தைகளின் வளர்ச்சி பற்றியும் எலும்பு நலம் பற்றியும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அனுராதா காடில்கர், வாமன் காடில்கர் ஆகிய குழந்தை நல மருத்துவர்கள் இடம்பெற்ற குழு, நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சிறு குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வை 2010ஆம் ஆண்டில் வெளியிட்டது. குழந்தைகள் இரு பிரிவினர். ஒரு பிரிவினர் குழந்தைக் காப்பகத்துக்குச் சென்று, பகலில் வெயில் உடலில் படும்படி இருந்தவர்கள். மற்றவர்கள் குடிசைப் பகுதிகளில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டவர்கள். காப்பகக் குழந்தைகளின் இரத்தத்தில் வைட்டமின் டி போதிய அளவில் இருந்தது. வீட்டுக்குள் இருந்த குழந்தைகளிடம் அது மிகவும் தாழ்ந்திருந்ததோடு, கணிசமானோரிடம் ரிக்கெட்ஸ் எனப்படும் எலும்பு மென்மை நோயின் அறிகுறிகளும் காணப்பட்டன. இரு பிரிவினரும் ஒரே நகரத்தவர். ஏறத்தாழ ஒரே பொருளாதார நிலையினர். தலைக்கு மேலிருந்த சூரியனும் ஒன்றே. வேறுபட்டது, பகல் பொழுதை எங்கே கழித்தார்கள் என்பது மட்டுமே.

தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிட்டால், ஐந்து வயதுப் பிள்ளையின் பொறுப்பில் இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லாத குடும்பங்கள் நம் நகரங்களில் எத்தனையோ உள்ளன. சந்து குறுகலானது, வாகனங்கள் வரும், பக்கத்தில் சாக்கடை ஓடும். குழந்தையை உள்ளே வைப்பது அந்தத் தாயின் அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. உண்மையில் அது அவளுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு.

நாசிக்கில் கண்ட உண்மை

இந்த ஆய்வின் முடிவு மகாராஷ்டிரத்துக்குப் புதிதன்று. புனேக்கு வடக்கே உள்ள நாசிக் நகரில் ஹட்சிசன் என்ற மருத்துவர், இந்திய மருத்துவர் ஷாவுடன் இணைந்து ரிக்கெட்ஸ் நோயின் காரணத்தை ஆராய்ந்து 1922ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். உணவுக் குறைவே நோயின் காரணம் என்று பலர் கருதிய காலம் அது. ஆனால் நாசிக்கில் கண்டது நேர்மாறானது. கோஷா முறையைப் பின்பற்றிய வசதியுள்ள வீடுகளில், இருண்ட அறைகளில் தாயுடன் வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. அவர்களைவிட மிகவும் எளிய உணவு உண்டு, தாயின் இடுப்பில் வயலுக்குச் சென்ற ஏழைக் குழந்தைகளுக்கு வரவில்லை. அதற்குச் சற்று முன்னர், 1919இல் பெர்லின் நகர மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, பாதரச விளக்கின் புற ஊதாக் கதிர்களைக் கொண்டே ரிக்கெட்ஸ் நோயைக் குணப்படுத்த முடியும் என்று காட்டியிருந்தார். மீன் எண்ணெயில் உள்ள சத்துக்கு வைட்டமின் டி என்று அமெரிக்க அறிஞர் மெக்காலம் பெயரிட்டதும் அதே 1922ஆம் ஆண்டில்தான்.

நூறாண்டுகளுக்குப் பின் நிலைமை ஒரு வகையில் தலைகீழாகியுள்ளது. அன்று செல்வர் வீட்டுக் குழந்தை இருட்டில் இருந்தது. இன்று குடிசைப் பகுதிக் குழந்தையும் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழந்தையும் ஒருங்கே இருட்டில் உள்ளனர். நடுவண் அரசின் சுகாதார அமைச்சகம் 2016 முதல் 2018 வரை நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 1 முதல் 4 வயதுள்ள குழந்தைகளில் 14 சதவிகிதத்தினரும், 5 முதல் 9 வயதினரில் 18 சதவிகிதத்தினரும், 10 முதல் 19 வயதினரில் 24 சதவிகிதத்தினரும் வைட்டமின் டி குறைபாடு உடையவர்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்கும் குறைவு என்ற கண்டிப்பான அளவுகோலைக் கொண்டு கணக்கிடப்பட்ட எண்ணிக்கை இது. வயது ஏற ஏறக் குறைபாடும் ஏறுவதைக் கவனிக்க வேண்டும். பள்ளி, தனிப்பயிற்சி வகுப்பு, வீட்டுப்பாடம் என்று பிள்ளையின் பகல் பொழுது கூரைக்குக் கீழே நகர்ந்துகொண்டே போவதற்கு அந்த ஏற்றம் ஒத்துப்போகிறது.

வெயில் எவ்வாறு சத்தாகிறது?

தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின் மீது, 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் படும்போது வைட்டமின் டி-யின் முன்வடிவம் உண்டாகிறது. பின்னர் அது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து செயல்படும் வடிவத்தைப் பெறுகிறது. இக்கதிர்களைப் பற்றி நடைமுறைக்கு வேண்டிய சில செய்திகள் உள்ளன. சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் இவை நீண்ட தூரம் காற்று மண்டலத்தைக் கடந்து வரவேண்டியிருப்பதால் ஓசோன் படலத்தில் பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. திருப்பதியில் ஹரிநாராயண் என்ற மருத்துவரின் குழு செய்த சோதனைகளில், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே இச்சத்து உருவாவதற்கு ஏற்றது என்று தெரியவந்தது. ஆகவே, ‘காலை இளவெயிலில் காட்டினால் போதும்’ என்று நம் வீடுகளில் பரவலாக உள்ள நம்பிக்கை, வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை அவ்வளவு சரியன்று. இளவெயிலுக்கு வேறொரு பயன் உண்டு. அது பின்னர் விளக்கப்படும்.

சாதாரணச் சன்னல் கண்ணாடி இக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கருநிறத் தோலில் உள்ள நிறமி இவற்றை உறிஞ்சிக்கொள்வதால், நம் மக்களுக்கு வெள்ளைத் தோலினரைவிட அதிக நேர வெயில் தேவைப்படுகிறது. காற்றின் மாசும் ஒரு தடையே. தில்லியில் வாகனப் புகை மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளையும், அந்நாளில் மாசு குறைந்திருந்த குர்காவ்ன் பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வில், முன்னவர்களின் இரத்தத்தில் சராசரியாக 12.4 நானோகிராமும் பின்னவர்களிடம் 27.1 நானோகிராமும் இருந்தன. இருசக்கர வாகனங்களுக்குப் பெயர்பெற்ற புனேயின் சாலைகளில், புகைக்கும் வெயிலுக்கும் அஞ்சி முகத்தையும் கைகளையும் துணியால் முழுவதும் மூடிக்கொண்டு செல்லும் இளம் பெண்கள் அன்றாடக் காட்சி. நண்பகல் வெயிலில் சென்றும், அந்த வெயிலிலிருந்து அவர்களுக்குக் கிடைக்கும் சத்து மிகச் சொற்பம்.

உறக்கத்துடன் உள்ள தொடர்பு

வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு உறக்கம் குறைகிறதா? அமெரிக்காவில் ஆறு நகரங்களைச் சேர்ந்த, 68 வயதும் அதற்கு மேலும் ஆன 3,048 ஆண்களின் உறக்கத்தைக் கையில் கட்டிய கருவி கொண்டு அளந்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. இரத்தத்தில் இச்சத்து 20 நானோகிராமுக்குக் குறைந்தவர்களிடையே, இரவில் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக உறங்குவோர் அதிகம் என்று அது காட்டியது. ஒன்பது ஆய்வுகளையும் அவற்றில் அடங்கிய 9,397 பேரையும் ஒருங்கே கணக்கிட்டு 2018இல் வெளியான தொகுப்பாய்வின்படி, குறைபாடு உடையவர்களுக்கு உறக்கக் கோளாறு இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

இத்தொடர்புக்கு உடலியல் காரணங்களும் கூறப்படுகின்றன. உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியில் இச்சத்தை ஏற்கும் அமைப்புகள் உள்ளன. மூளையில் செரோட்டோனின் உருவாவதற்கு வேண்டிய நொதியை இச்சத்து தூண்டுகிறது என்று ஆய்வுக்கூடச் சான்றுகள் கூறுகின்றன. இரவில் சுரக்கும் மெலட்டோனின் அந்தச் செரோட்டோனினிலிருந்தே உண்டாகிறது. இவற்றைவிட எளிய காரணமும் ஒன்றுண்டு. குறைபாடு முற்றும்போது எலும்பும் தசையும் வலிக்கின்றன. இடுப்பும் தொடையும் இரவெல்லாம் வலிக்கும் ஒருவர் நன்றாக உறங்கமாட்டார் என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

ஆனால் பொருளியல் படித்த எவரும் இங்கே ஒரு கணம் தயங்குவார்கள். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்தே வருவதால் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. உடல் பருமன் உள்ளவர்களிடம் இச்சத்து கொழுப்பில் தங்கிவிடுவதால் இரத்தத்தில் குறைகிறது. அவர்களுக்கே மூச்சுத் தடையால் உறக்கமும் கெடுகிறது. நோயாளி வெளியே செல்வதில்லை. நோயாளி உறங்குவதும் இல்லை. இரவில் உறங்காதவர் பகலில் அயர்ந்து வீட்டிலேயே இருப்பதால் அவருக்கு வெயில் குறையலாம். அப்போது காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. காரணம் எது என்று அறிய, மருந்து கொடுத்துப் பார்ப்பதே வழி. அவ்வாறு செய்த சோதனைகள் ஒரே குரலில் பேசவில்லை. உறக்கக் கோளாறு உள்ளவர்களுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை 50,000 அலகு வீதம் எட்டு வாரங்கள் கொடுத்து, ஈரானில் 2018இல் வெளியான சிறு சோதனையில் உறக்கம் சீரடைந்தது. மாதவிடாய் நின்ற, எடை மிகுந்த பெண்களுக்கு ஓராண்டுக் காலம் நாள்தோறும் 2,000 அலகு கொடுத்து, அமெரிக்காவில் 2016இல் வெளியான சோதனையில் உறக்கத்தின் தரம் உயரவில்லை.

கண்ணின் வழியும் தோலின் வழியும்

இந்த முரண்பாட்டுக்கு ஒரு விளக்கம் உண்டு. சூரிய ஒளி உடலுக்குள் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. தோலின் வழியாக வைட்டமின் டி-யை உண்டாக்குவது ஒன்று. கண்ணின் வழியாக உடலின் உட்கடிகாரத்தைத் திருத்துவது மற்றொன்று. விழித்திரையில் 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு இசையும் தனிவகை உயிரணுக்கள் உள்ளன. அவை பொருள்களைக் காண உதவுவதைவிட, ‘விடிந்துவிட்டது’ என்ற செய்தியை மூளைக்கு அனுப்புவதையே முதன்மையான பணியாகக் கொண்டவை. உட்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் தலைமையிலான குழு, பகல் இரவு தெரியாத, கடிகாரம் இல்லாத தனி இருப்பிடம் ஒன்றை அமைத்துத் தன்னார்வலர்களைத் தங்கச்செய்து அவர்களின் உறக்கத்தையும் விழிப்பையும் ஆராய்ந்தது. உலகின் பல இடங்களில் நடந்த இத்தகைய சோதனைகளில் தெரியவந்தது இது: வெளிச்சத்தின் குறிப்பு கிடைக்காத மனிதனின் நாள், பொதுவாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டுவிடுகிறது. உறங்கும் நேரம் நாள்தோறும் பின்தள்ளிப் போகிறது. காலை ஒளிதான் அதை மீண்டும் சரியான இடத்துக்கு இழுத்து வருகிறது. இளவெயிலின் பயன் இதுவே.

ஆகவே, வெயிலை இழந்த ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டை இழக்கிறார். இரத்தப் பரிசோதனையில் அவற்றுள் ஒன்று மட்டுமே எண்ணாகத் தெரிகிறது. அந்த எண்ணை மாத்திரையால் உயர்த்திவிடலாம்; உட்கடிகாரத்துக்கு மாத்திரையால் விடியலைக் காட்ட முடியாது. உறக்கம் கெட்டவர்களிடம் வைட்டமின் டி குறைந்திருப்பதில் ஒரு பகுதி, அவர்கள் பகல் வெளிச்சத்தைக் காணாதவர்கள் என்பதற்கான அடையாளமாகவே இருக்கலாம். இன்றுள்ள சான்றுகளைக் கொண்டு நோக்கும்போது இதுவே பொருத்தமான கருத்தாகத் தோன்றுகிறது.

வெயிலும் மாத்திரையும் ஒன்றல்ல என்பதற்குப் புனேயிலிருந்தே வேறொரு சான்று கிடைக்கிறது. அதே ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், இச்சத்துக் குறைந்த 40 முதல் 60 வயது வரையிலான ஆண்களில் ஒரு பிரிவினரை நாள்தோறும் நண்பகலை ஒட்டிய வேளையில் குறைந்தது 20 நிமிடம் வெயிலில் இருக்கச் செய்தனர். மற்றொரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1,000 அலகு மருந்து கொடுத்தனர். ஆறு மாதங்களுக்குப் பின் இரு பிரிவினரிடமும் வைட்டமின் டி உயர்ந்திருந்தது. ஆனால் இரத்தத்தின் மொத்தக் கொழுப்பு வெயில் பிரிவினரிடம் குறைந்தது. மருந்துப் பிரிவினரிடம் கூடியது. 2017இல் வெளியான இந்த ஆய்வு உறக்கத்தை அளக்கவில்லை. இருப்பினும், ஒரே சத்தை இரு வழிகளில் பெறும்போது உடல் ஒரே வகையில் நடந்துகொள்வதில்லை என்பதை அது காட்டுகிறது.

திட்டங்களும் நடைமுறையும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், வெயில் குறைவாகப் படும் நிலையில் நாளொன்றுக்கு 400 அலகு என்று 2010இல் பரிந்துரைத்திருந்தது. 2020இல் அது பெரியவர்களுக்கு 600 அலகாக உயர்த்தப்பட்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள், செறிவூட்டப்பட்ட பாலில் லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராமும், சமையல் எண்ணெயில் கிராமுக்கு 0.11 முதல் 0.16 மைக்ரோகிராமும் வைட்டமின் டி இருக்க வேண்டும் என்று வகுத்தன. ஒரு மைக்ரோகிராம் என்பது 40 அலகு. இதன்படி ஒரு குவளை, அதாவது 200 மில்லிலிட்டர் பாலில் கிடைப்பது 40 முதல் 60 அலகு. 25 கிராம் எண்ணெயில் 110 முதல் 160 அலகு. இரண்டும் தவறாமல் கிடைக்கும் குடும்பத்தில்கூடத் தேவையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரையே நிறைவேறும். சில்லறையாக அளந்து விற்கும் எண்ணெயை வாங்கி, பாலைத் தேநீருக்கு மட்டும் பயன்படுத்தும் குடும்பத்தின் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபுறம், வசதியுள்ளவர்கள் 60,000 அலகு கொண்ட பொட்டலங்களை மருந்துக் கடையில் வாங்கி, வாரந்தோறும் மாதக்கணக்கில் உட்கொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. குறைபாடு உறுதியானவர்களுக்கு மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் அளவு அது. கொழுப்பில் கரையும் இச்சத்து உடலில் தங்கும். மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து பெருகிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். உறக்கம் வரவில்லை என்பதற்காகத் தாமாகவே இதை உட்கொள்ளத் தொடங்குவது கேடு பயக்கும்.

பிம்ப்ரி-சின்ச்வட் தொழிற்பகுதியில் மூன்று முறைகளில் வேலை நடக்கும் ஆலைகளும், ஹிஞ்சவாடியில் அயல்நாட்டு நேரத்துக்கு இயங்கும் கணினி நிறுவனங்களும் புனேயின் வளர்ச்சிக்கு அடித்தளமானவை. அங்கே இரவு வேலை செய்வோர் விடியற்காலையில் வீடு திரும்பி, வெயில் ஏறும் வேளையில் திரையிட்ட அறையில் உறங்குகின்றனர். தோலின் வழியும் கண்ணின் வழியும் அவர்களுக்கு ஒருங்கே அடைபடுகின்றன. வேலை முறைகளை அடிக்கடி மாற்றாதிருத்தல், மாற்றும்போது முற்பகலிலிருந்து பிற்பகலுக்கும் பின்னர் இரவுக்கும் என்ற வரிசையில் மாற்றுதல், பகல் வேலையினருக்கு உணவு இடைவேளையைத் திறந்த வெளியில் கழிக்க இடம் அமைத்தல் போன்றவை பெருஞ்செலவு பிடிக்காதவை. கட்டட விதிகள் சன்னலின் பரப்பைத் தரைப் பரப்பின் விகிதத்தில் வரையறுக்கின்றன. ஆனால் மூடிய கண்ணாடி கண்ணுக்கு ஒளி தருமே தவிரத் தோலுக்கு வேண்டிய கதிரைத் தராது என்பதால், குடிசை மாற்றுத் திட்டங்களில் கட்டப்படும் அடுக்குமாடிகளில் நண்பகலில் வெயில் விழும் முற்றமோ திறந்த மாடமோ விடப்படுகிறதா என்பதையும் வரைபடத்தைச் சரிபார்க்கும் பொறியாளர்கள் பார்க்க வேண்டியுள்ளது.

குழந்தைக் காப்பகங்களுக்குச் சட்ட ஆதாரம் முன்னரே உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண் தொழிலாளர் உள்ள ஆலைகளில் அவற்றைக் கட்டாயமாக்கியது. 1996ஆம் ஆண்டின் சட்டம் கட்டுமானத் தொழிலாளருக்கு அவற்றை விரிவாக்கியது. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களுக்கு இதை விதித்தது. பணிபுரியும் தாய்மாருக்கான அரசின் காப்பகத் திட்டம் 2022இல் ‘பால்னா’ என்ற பெயரில் மறுசீரமைக்கப்பட்டது. வீட்டு வேலைக்கும் தெரு வணிகத்துக்கும் செல்லும் தாய்மார் பணியிடச் சட்டங்களின் எல்லைக்குள் பெரும்பாலும் வருவதில்லை. குடியிருப்பை ஒட்டிய காப்பகமே அவர்களுக்குப் பயன்படும். காப்பகத்தைப் பார்வையிடும் அலுவலரின் படிவத்தில் குழந்தைகளின் எண்ணிக்கை, உணவு, எடை ஆகியவற்றோடு, குழந்தைகள் பகலில் எத்தனை மணி நேரம் கூரைக்கு வெளியே இருந்தனர் என்ற கேள்விக்கும் ஒரு கட்டம் சேர்க்கப்படலாம்.